குறைவு அல்லது சமம்

அந்தத் திருமணத் தகவல் மையம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் தள்ளினால் முதலில் ஒரு நீளமான சோபா. அதில் எந்நேரமும் யாராவது ஒரு தாயும் தகப்பனும் ஆளுக்கொரு ஓரத்தில், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடம். தடுப்புக்கு இந்தப் பக்கம், தொலைபேசி மேசையில், மேடத்தின் கணவர். அவரை எல்லோரும் ஐயா என்பார்கள். மூலையில், பிரிண்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடைத்த இடத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த புரோகிராமர். கல்யாணமானவள், முப்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள்.

மேடத்துக்கு ஊரில் பெரிய பேர். அவர் கை வைத்தால் ஜோடி தப்பாது என்பார்கள். அவர் கை வைப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. பதிவு செய்தவர்களின் விவரத்தைக் கணினிக்குள் போட்டால், அதுவே பார்த்து யாருக்கு யார் என்று சொல்லிவிடும். மேடம் அதைத் தாளில் எடுத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தானே யோசித்துக் கண்டுபிடித்தது போன்ற ஒரு குரலில் வாசித்துக் காட்டுவார். அந்தக் குரலுக்குத்தான் மதிப்பு.

ஆனால் கொஞ்ச காலமாக வாசிக்க ஒன்றும் வரவில்லை. நிறையப் பேருக்குத் திரையில் ஒரே வாசகம்: ‘பொருத்தம் எதுவும் இல்லை. தங்கள் வருகைக்கு நன்றி.’ ஒரு பேராசிரியையின் அப்பா இதே நன்றியை நான்கு தடவை வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாவது தடவை அவர் நன்றியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பாட்டு வேளை வரை எழுந்திருக்கவில்லை. ஐயா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னவோ பேசித்தான் அனுப்பிவைத்தார்.

மேடத்திடம் இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருந்தது. தன் மகள் கண் டாக்டர், அவள் பேரும் இதே கணினியில்தான் இருக்கிறது, பெற்ற மகளுக்கே இத்தனை வருஷமாக இல்லை என்கிறது, நான் என்ன ஒளித்தா வைத்திருக்கிறேன் என்பார். கேட்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். சொந்த மகளுக்கே ஓரவஞ்சனை செய்யாத இடம் என்று வெளியில் போய்ச் சொல்லவும் செய்தார்கள். மகளுக்கு வரன் அமையாததே மையத்துக்கு நல்ல விளம்பரமாக இருந்தது.

பேராசிரியையின் அப்பா வந்துபோன மறுநாள் மேடம் புரோகிராமரைக் கூப்பிட்டு, மெஷினுக்கு என்னமோ ஆகிவிட்டது, என்னவென்று பார் என்றார்.

முன்பு அவள் இடத்தில் இருந்தவன் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எதை எதற்காக எழுதினான் என்று ஒரு வரி விளக்கம்கூட வைக்கவில்லை. நிரல் பெரியது, வண்ணம், எழுத்துரு, பூப்போட்ட ஓரம் இவற்றுக்கே பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். ஜோடி சேர்க்கிற வேலை என்னவோ மூன்றே வரி. வயது ஒரு வரி, உயரம் ஒரு வரி, படிப்பு ஒரு வரி. மூன்றிலும் பெண் இடது பக்கம், ஆண் வலது பக்கம், நடுவில் ‘<’ என்று ஒரு குறி.

அவள் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு பென்சிலை எடுத்தாள்.

மையத்தின் கணக்கில் படிப்புக்கு ஐந்து படிகள். பள்ளிக்கூடம் முதல் படி. டாக்டர், பேராசிரியர் எல்லாம் ஐந்தாம் படி. பெண்ணின் படி ஆணின் படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது வரி. குறைவு என்றால் குறைவுதான். சமமாக இருந்தாலும் ஆகாது. அப்படியானால் ஐந்தாம் படியில் நிற்கிற பெண்ணுக்கு ஆறாம் படியில் ஓர் ஆண் வேண்டும். ஆறாம் படியே கிடையாது. பள்ளிக்கூடத்தோடு நின்ற ஆணுக்கோ பள்ளிக்கூடத்துக்கும் கீழே ஒரு படியில் பெண் வேண்டும். அப்படி ஒருத்தி பதிவு செய்யவே வழியில்லை. ஆக, அதிகம் படித்த பெண்களுக்கும் அதிகம் படிக்காத ஆண்களுக்கும் இந்த மையத்தில் கல்யாணமே நடக்காது. முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் வந்தார்கள்; இப்போது கூடிவிட்டதால்தான் வெளியில் தெரிகிறது. இரண்டு கூட்டத்திடமும் பதிவு வாங்கிக்கொண்டு, இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மரியாதையோடு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது கணினி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், கண்ணாடிக்கு அப்பால் மேடம் யாரோ ஒரு தாயிடம் மகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

சோபா காலியானதும் அவள் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். ஒரு தாளில் அந்தக் குறியை வரைந்தும் காட்டினாள். விரிந்த பக்கம் பெரியவர், கூரான பக்கம் சிறியவர். பக்கத்திலேயே ஒரு சமக்குறியைச் சேர்த்து ‘<=’ என்று எழுதினால், குறைவாக இருந்தாலும் சரி, சமமாக இருந்தாலும் சரி என்று பொருள். தட்டச்சில் ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான் கோளாறு.

மேடம் தாளை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கோளாறு ஒன்றும் இல்லையே, நான் சொன்னபடிதானே எழுதியிருக்கிறான் என்றார்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. மேடத்தின் மகளும் இதனால்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். மேடத்தின் முகம் ஒரு கணம் மாறியது. ஆனாலும் பிடி தளரவில்லை.

“சமமா இருந்தா வீடு நடக்காதும்மா. ஒருத்தர் கொஞ்சம் மேல, ஒருத்தர் கொஞ்சம் கீழ, அப்பதான் ஒரு முடிவு எடுக்க முடியும். உன் வீட்ல எப்படி?”

“நானும் அவரும் ஒரே வயசு, ஒரே படிப்பு மேடம்.”

“சண்டை வருமா வராதா?”

“வரும்.”

“யாரு விட்டுக்குடுப்பீங்க?”

“முறை வச்சிருக்கோம். இந்த வாரம் அவரு.”

மேடத்துக்கு இது கல்யாணமாகவே படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் விடவில்லை. மையத்தின் விளம்பரத் தாள் ஒன்றை எடுத்து வந்து காட்டினாள். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் கொடுத்தனுப்புகிற தாள். அதில் ‘வயதிலும் உயரத்திலும் படிப்பிலும் மணமகனுக்கு மிகாத மணமகள்’ என்று அச்சாகி இருந்தது. மிகாத என்றால் அதிகமாகாத, சமமாக இருக்கலாம். இங்கே ஒன்று சொல்லி அங்கே ஒன்று செய்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்க மாட்டார்களா என்றாள்.

மேடம் தாளை இரண்டு தடவை படித்தார். அத்தனை வருஷம் கட்டுக் கட்டாக அச்சடித்துக் கொடுத்த தாளை அவர் படித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“ஏங்க,” என்று தடுப்புக்கு வெளியே பார்த்துக் கூப்பிட்டார். “இதை எழுதினது யாரு? நான் குறைச்சலா இருக்கணும்னுதானே சொன்னேன்?”

ஐயா தொலைபேசியை வைத்துவிட்டு வந்தார். குள்ளமான மனிதர்; மேடத்தின் தோள் உயரம் இருப்பார். குரல் மட்டும் வானொலிக்காரர் குரல். தான்தான் எழுதினேன் என்றார்.

“ஏன் மாத்தி எழுதினீங்க?”

“நீ சொன்னப்ப எனக்கு அப்படி எழுத மனசு வரல,” என்றார். பிறகு அவர் புரோகிராமரின் பக்கம் திரும்பி, “ஏம்மா, எங்க ரெண்டு பேரையும் அதுல போட்டுப் பாரேன்,” என்றார்.

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் ஐயா சொல்லச் சொல்ல விவரங்களைத் தட்டினாள். மேடம் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். உயரமானவர். மேடம் பட்டம் வாங்கியவர்; ஐயா பள்ளிக்கூடத்தோடு நின்றவர். மூன்று வரியும் மூன்று திசையில் தள்ளிவிட்டன. பொருத்தம் எதுவும் இல்லை, தங்கள் வருகைக்கு நன்றி.

ஐயா அதைச் சத்தமாகவே வாசித்தார். தொலைபேசியில் பேசிப் பழகிய குரலில் அது இன்னும் மரியாதையாகக் கேட்டது. அந்தச் சமக்குறியையும் சேர்த்துப் பார் என்றார். சேர்த்தாள். அப்போதும் அதேதான். வேறு குறி ஏதும் இல்லையா என்றார். குறியைத் திருப்பிப் போட்டால் வரும் ஐயா என்றாள் அவள். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

இந்த இடத்தில் மேடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றார் மேடம். “அனுபவிச்சவ சொல்றேன்.”

ஐயா மேசைக்குப் போய், கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மேடமே எடுக்க வேண்டியதாயிற்று. மேடத்துக்குத் தாளை வாசிக்கத் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியாது. மகனுக்கு முடி கொட்டுகிறதே என்று ஓர் அம்மா கவலைப்பட்டால் ஐயா பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருப்பார். மேடம், கொட்டட்டும், அதற்கு நான் என்ன செய்ய என்றார். பெண் பார்க்கப் போன இடத்தில் நாற்காலி சரியில்லை என்று ஒருவர் குறைபட்டார்; நாற்காலியையா கட்டப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். வாரம் முடிவதற்குள் சில பேர் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். எல்லோரும் ஐயா எங்கே என்றுதான் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று மேடம் சொன்னதும் அவர்களுக்கு மேடத்தின் மேல் இன்னும் கோபம் வந்தது. இந்த அம்மாவோடு இருந்தால் யாருக்குத்தான் வராது என்று ஒருவர் முணுமுணுத்தது புரோகிராமர் காதிலேயே விழுந்தது.

வீட்டில் ஐயாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பால்கனியில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்தார். தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொண்டார். மேடத்துக்கும் சேர்த்தே சமைத்தார், ஆனால் கூப்பிடவில்லை. மேடம் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொன்னார். சண்டை போட்டால் மேடம் ஜெயித்துவிடுவார். அது தெரிந்துதானோ என்னவோ சண்டைக்கே இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் மேடம் பால்கனிக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அலுவலகத்துக்கு வர மாட்டீர்களா என்றார்.

“மெஷினே பொருத்தம் இல்லைன்னு சொல்லிடுச்சு. நான் வந்து என்ன பண்ண,” என்றார் ஐயா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் மேடம் இவ்வளவு காலம் சொல்லாததைச் சொன்னார். கல்யாணமான புதிதில் எங்கே போனாலும் ‘தம்பியா?’ என்று கேட்டார்களே, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றார். போட்டோ எடுக்கப் போனால், அம்மா, நீங்கள் உட்காருங்கள் என்பான் போட்டோக்காரன். குதிகால் வைத்த செருப்பை அன்றைக்கு விட்டதுதான். உங்கள் பக்கத்தில் நடக்கும்போது முதுகை வளைத்து வளைத்து நடந்து, இப்போது நிமிரச் சொன்னால்கூட நிமிர முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தையல் வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். பேசும்போதும் அப்படித்தான், படித்தவள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்று நாலு பேர் நடுவில் தெரிந்ததையும் தெரியாதது போல விழுங்கியது எத்தனை. இன்னொருத்தி பெற்ற பெண்ணுக்கு இது வேண்டாம் என்றுதான் அந்த விதியை வைத்தேன், உங்களை இளப்பமாக நினைத்து வைக்கவில்லை என்றார்.

ஐயா செய்தித்தாளை மடித்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“நான் உன்னைக் குனியச் சொன்னேனா?”

“சொல்லல.”

“உனக்குச் செருப்புல ஏதோ வலின்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன்.”

மேடத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இவர் கவனிப்பார் என்று நினைத்தல்லவா அத்தனையும் செய்தது. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்த வரும் வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் ஒன்றாகப் படியேறி வந்தார்கள். ஐயா நேராகப் போய்த் தொலைபேசியை எடுத்தார். மேடம் புரோகிராமரின் மூலைக்கு வந்து நின்றுகொண்டு, படிப்புக்கு அந்தச் சமக்குறியைப் போடு என்றார். போட்டாள். வயதுக்கும் போடு என்றார். அதுவும் ஆயிற்று.

“உயரம் இருக்கிற வரியை எடுத்துடு.”

“அதுக்கும் சமக்குறி போட்டாப் போதும் மேடம்.”

“எடுத்துடுன்னு சொன்னேன்.”

எடுத்துவிட்டாள்.

அன்று மதியத்துக்குள் பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது. பேராசிரியையின் அப்பாவுக்கு ஐயா தொலைபேசியில் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார்; வரிசை முடிந்ததும் அந்தப் பக்கம் மெதுவாக மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டதாம். பள்ளிக்கூடத்தோடு நின்ற ஆண்கள் கொத்தனார், லாரி ஓட்டுநர், ரொட்டிக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் படியேறி வந்து, நிஜமாகவா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மேடம் எல்லோருக்கும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார். குரலில் பழைய கம்பீரம் வந்துவிட்டது.

மகளுக்கான தாளை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. அதில் ஒரு பல் டாக்டர், ஒரு வானியல் ஆராய்ச்சிக்காரர், இரண்டு பேராசிரியர்கள். தானே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகளை அலுவலகத்துக்கே வரச் சொன்னார்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். அம்மாவின் உயரம், அப்பாவின் குரல். தாளைக் கையில் வாங்கினாள், எல்லாப் பெயரையும் படித்தாள், நடந்ததைக் கேட்டாள். எந்தக் குறியால் இத்தனை வருஷம் வரன் வரவில்லை, எந்தக் குறியால் இப்போது வந்திருக்கிறது என்று மேடம் ஒரு விஞ்ஞானியைப் போல விளக்கினார். மகள் துள்ளிக் குதிக்காவிட்டாலும் ஒரு சிரிப்பாவது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

மகள் புரோகிராமரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதை யாருங்க சரி பண்ணச் சொன்னது?”

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படிப்பு முடிந்ததும் கல்யாணப் பேச்சு எழும், தப்பிக்க வழியே இல்லை என்று தான் பயந்துகொண்டிருந்ததையும், ஆனால் ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் கணினி பொருத்தம் இல்லை என்று சொல்லிக் காப்பாற்றியதையும், எந்தச் சொந்தக்காரர் வந்து கேட்டாலும் அம்மாவே பதில் சொல்லி அனுப்பியதையும், தன்னுடைய நண்பர்கள் எல்லாம் வீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தான் மட்டும் நிம்மதியாக வேலையைப் பார்த்ததையும் வரிசையாகச் சொன்னாள். எனக்குக் கல்யாணம் வேண்டாம் அம்மா, எப்போதுமே வேண்டாம் என்றுதான் இருந்தேன் என்றாள்.

மேடம் ஐயாவைப் பார்த்தார். ஐயா தொலைபேசியைப் பார்த்தார். நல்ல நேரம் பார்த்து அது அடிக்கவில்லை.

“அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?” என்றார் மேடம்.

“நீ எங்கம்மா என்கிட்ட கேட்ட? மெஷின்கிட்டதானே கேட்ட.”

மேடம் தாளை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இவளுடைய பதிவை எடுத்துவிட முடியுமா என்று புரோகிராமரைக் கேட்டார். பதிவு அப்படியே இருக்கட்டும், தேடும்போது மட்டும் இந்தப் பதிவு எண்ணைத் தவிர்த்துவிடு என்று ஒரு வரி எழுதினால் போதும், அதற்கும் ஒரு குறி இருக்கிறது, ஆச்சரியக்குறிக்குப் பக்கத்தில் சமக்குறி, ‘சமமில்லை’ என்று பொருள் என்றாள் அவள். நாளைக்கு மனசு மாறினால் அந்த வரியைத் தூக்கிவிடலாமே என்பது அவள் எண்ணம்.

“மனசு மாறினா நானே வந்து சொல்றேன்,” என்றாள் மகள். “நீங்க முழுசாவே எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டாள். மேடம் பக்கத்தில் நின்று பார்த்தார். மகள் போகும்போது அப்பாவின் மேசையிலிருந்து பாதி குடித்திருந்த தேநீரை எடுத்துக் குடித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க மேடம் கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தார். மகளுக்கு அமையவில்லை என்ற துக்கத்தைவிட, வருகிறவர்களிடம் எடுத்துக்காட்டாகச் சொல்ல இனி ஆள் இல்லையே என்ற குறைதான் பெரிதாக இருந்ததாக ஐயா சொன்னார். அதையும் அவர் மேடத்தின் காதில் விழும்படியாகவே சொன்னார், மேடம் முறைத்தார். அவர்களுக்குள் இப்போது இப்படி வெளிப்படையாக முறைத்துக்கொள்வது அதிகமாகியிருந்தது. புரோகிராமருக்கு அது நல்லதாகவே பட்டது.

புகார்கள் குறைந்தபாடில்லை. முன்பெல்லாம் ஒரு பெயர்கூட வரவில்லை என்று வந்தவர்கள், இப்போது இத்தனை பெயரில் யாரை எடுப்பது என்று வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரரின் அம்மா ஒரு மாலையில் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, இதில் எது நல்ல பெண் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். மேடம் பழக்கத்தில் கணினிப் பக்கம் திரும்பினார். பிறகு ரொட்டிக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் அம்மாவுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போல நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க சொல்லுங்க தம்பி,” என்றார் மேடம். “உங்களுக்கு எப்படிப்பட்டவங்க வேணும்?”

அவர் யோசித்தார். அதுவரை யாரும் கேட்காத கேள்வியாக இருக்க வேண்டும், வெகுநேரம் யோசித்தார்.

“காலையில சீக்கிரம் எழுந்துக்கிறவங்களா இருந்தா நல்லாருக்கும்,” என்றார். “நான் எழுந்து அடுப்பு மூட்டுற நேரத்துல ஊரே தூங்கிட்டு இருக்கும். பேச்சுக்கு ஆள் இல்ல.”

மேடம் புரோகிராமரிடம் திரும்பி, அதைக் கணினியில் எப்படிக் கேட்பது என்றார். கேட்க முடியாது, அப்படி ஒரு விவரமே நாம் யாரிடமும் வாங்கவில்லை என்றாள் அவள்.

மேடம் தொலைபேசி மேசைக்குப் போய், ஐயாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தாளில் முதலில் இருந்த பெண்ணின் எண்ணைச் சுழற்றச் சொன்னார்.